மூக்கைச் சிந்தட்டும், உட்காருங்க

பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியதும் அவர் பிரிண்டரை விட்டுவிட்டு நாற்காலியை இழுக்கிறார்.

“ராத்திரி பூரா சும்மா கிடந்துச்சில்ல, மூக்கு அடைச்சிருக்கும். சிந்தி முடிக்கட்டும், உட்காருங்க.”

உள்ளே ஏதோ கர்ரென்று இழுத்து, டக்கென்று நின்று, மறுபடியும் கர்ரென்கிறது. வந்தவர் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நிற்கிறார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். கீழே வண்டியை ஆஃப் பண்ணாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆனால் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் ஒரு ஜீவனை யார்தான் அவசரப்படுத்துவார்கள்? உட்கார்கிறார்.

மை வந்து விழும் முனையில் அடைப்பு இருந்தால், மிஷினே கொஞ்சம் மையை உறிஞ்சி, தன் வயிற்றுக்குள் துப்பிக்கொண்டு அடைப்பை எடுத்துவிடும். இதற்குப் பெயர் கிளீனிங். வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் எழுத்து உடைந்து கோடு கோடாக விழும்போது மட்டும் இதை ஓட்டுவார்கள். இவர் ஆளுக்கு ஒரு முறை ஓட்டுகிறார். ஒரு கிளீனிங் முடிவதற்குள் அடுப்பில் வைத்த தேநீர் கொதித்து, வடிகட்டி, டம்ளருக்கு வந்துவிடும். டம்ளரைக் கையில் வாங்கிய பிறகு யாரும் நின்றுகொண்டு குடிப்பதில்லை.

எங்கள் கட்டடத்தில் மூணாம் மாடி அக்கா என்றால் இவர்தான். அதே மாடியில் இன்னும் மூன்று வீடுகளும் அவற்றில் அக்காக்களும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அறுபதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, முன்பக்கம் சற்றே சாய்ந்த கழுத்து. ரயில் டிக்கெட் முன்பதிவு கவுண்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடித் தடுப்பில் இருந்த வட்டத் துளைக்குக் காதைக் கொடுத்துக் கொடுத்துக் கழுத்து அந்த வாக்கிலேயே நின்றுவிட்டது. குரலும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேசுவதுபோல ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி, கொஞ்சம் உரக்கப் பேசுவார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், “என் லைன் நகரவே இல்ல” என்பார். கேட்டவர் சிரித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். “வேலையில இருந்த வரைக்கும் பேரா படிச்சுத் தள்ளியாச்சு. பேரை வச்சுக்கிட்டு என்ன பண்றது, ஆளைக் கூப்பிடுவோம்.” ஆகவே இரண்டாம் மாடியில் இருப்பவர் டீச்சர். முதல் மாடியில் இருப்பவர் டிரைவர் தம்பி. நான்காம் மாடியில் எப்போதும் காதில் ஒயர் மாட்டியிருக்கும் இளைஞர் ஹெட்போன். நான் பத்திரிகை. “என்ன பத்திரிகை, இன்னிக்கும் கழுத்துல கத்தியா?” என்றுதான் என்னை வரவேற்பார். என் பிழைப்பே கெடுவுக்குள் எழுதிக் கொடுப்பது. நான் எப்போது போனாலும் என் கழுத்தில் கத்தி இருக்கும். அவர் வீட்டில் அது தேநீருக்காகக் காத்திருக்கும்.

கூடத்தில் சாமான்கள் அதிகம் இல்லை. பழைய தையல் மிஷின் மேசை, அதன் மேல் பிரிண்டர். தூசி படாமல் இருக்கத் தலையணை உறையை வெட்டித் தைத்த ஒரு மேலாடை. யாரும் வராத நேரத்தில் அதைப் போர்த்தி வைத்திருப்பார். மேசைக்கு இந்தப் பக்கம் அவர் உட்காரும் மொட்டை ஸ்டூல். அந்தப் பக்கம் கைப்பிடியும் மெத்தையும் வைத்த நல்ல நாற்காலி. அது வருகிறவர்களுக்கு. ஒருநாள் நான் தெரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எழுப்பி நாற்காலிக்கு மாற்றினார்.

“கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர்கூட உட்கார்ந்து நான் பாத்ததில்ல பத்திரிகை. எல்லாரும் நின்னுக்கிட்டே பேசினாங்க, நின்னுக்கிட்டே சண்டை போட்டாங்க, நின்னுக்கிட்டே போயிட்டாங்க. நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். நல்லாவா இருக்கும்?”

பிரிண்டர் அவர் வாங்கியது அல்ல. வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒரு விடுமுறைக்கு வந்தபோது, பிள்ளைகளின் படங்களை அனுப்பினால் அக்கா அச்சடித்துச் சுவரில் மாட்டிக்கொள்ளட்டும் என்று வாங்கி வைத்துவிட்டுப் போனது. பளபளப்பான புகைப்படத் தாள் ஒரு கட்டும் கூடவே வாங்கிக் கொடுத்தார். அந்தக் கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை. “படம்தான் போன்லயே தெரியுதே. அதுக்கு எதுக்குக் கலரை வீணாக்கிக்கிட்டு? யாராச்சும் வந்து கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாதில்ல” என்கிறார். யாராச்சும் என்பது நாங்கள்.

அச்சடித்துக் கொடுப்பதற்கு அவர் எதுவும் வாங்குவதில்லை. ஒரு வழக்கம் மட்டும் வைத்திருக்கிறார்: உங்கள் பக்கத்துக்கான தாளை நீங்களே கொண்டுவர வேண்டும், கூட ஒரு வெற்றுத் தாளும் வைத்துவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருகிறவர் தாள் கொண்டுவர மறந்துவிட்டால்? அதற்காக. இந்த வழக்கத்தால் அவர் அலமாரியில் வெற்றுத் தாள் குவிந்து கிடக்கிறது. ஒருவரும் தாளை மறப்பதில்லை.

பக்கம் வெளியே வந்ததும் உடனே கொடுத்துவிட மாட்டார். மேசையில் நாலு பக்கமும் தட்டி, ஒரு தாளாக இருந்தாலும் தட்டி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு முழுவதையும் படிப்பார். “பேரு, தேதி, கிழமை எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க. அப்புறம் வந்து கண்ணாடியைத் தட்டக் கூடாது.” இங்கே தட்டக் கண்ணாடி இல்லை. இந்தக் கட்டடத்தில் யார் வேலையை விடப் போகிறார்கள், யாருக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை, யாருடைய ஸ்கேன் ரிப்போர்ட் இரண்டாம் முறையும் சரியாக வரவில்லை என்பதெல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. ஒன்றும் வெளியே வந்ததில்லை. “கவுண்ட்டர்ல உட்கார்ந்தவளுக்குக் காது ரெண்டு, வாய் அரை” என்பார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பேசாமல் எழுந்து போனதில்லை. மிஷின் கர்ரென்று இழுக்கும் சத்தம் ஒரு திரைபோல இருக்கிறது. அதன் மறைவில் எதையும் சொல்லலாம். ஹெட்போன் தன் காதலைச் சொன்னது அங்கேதான். மகளின் விடுதி விண்ணப்பத்தை அச்சடிக்க வந்த மாடி வீட்டு அப்பா ஒருவர், மிஷின் மூக்கைச் சிந்தி முடித்த பிறகும் தான் சிந்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் அக்கா கழுத்தைச் சாய்த்துக் கேட்பார். எழுந்து போகும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, அவர்கள் ஞாபகமாகக் கேட்பார்கள்: “நீங்க எப்படி இருக்கீங்க அக்கா?”

“எனக்கென்ன” என்பார், படியிறங்கும் முதுகைப் பார்த்து. பிறகு கதவோரம் நின்றபடியே, “அடுத்து” என்பார். பழக்க தோஷம். படிக்கட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒருமுறை ஹெட்போன் ஒரு காரியம் செய்தார். ஃபைலைப் போனிலேயே அனுப்பிவிட்டு, “அக்கா, பிரிண்ட் போட்டு வெளியே செருப்பு ஸ்டாண்டு மேல வச்சிடுங்க, போறப்போ எடுத்துக்கிறேன்” என்று ஒரு செய்தியும் போட்டார். அக்கா அச்சடித்தார், வைத்தார். தாள் போய்விட்டது. யார் வந்தது, எப்போது எடுத்தது என்று தெரியவில்லை. அன்றைக்கே கட்டடம் முழுக்க ஓர் அறிவிப்பு பரவியது. மூணாம் மாடி அக்காவின் போனில் கோப்பு எதுவும் திறக்காதாம், பென் டிரைவில்தான் கொண்டுவர வேண்டுமாம். அதே போனில் அவர் தம்பி பிள்ளைகளின் படங்களைப் பெரிது பண்ணிப் பார்ப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதை அவரிடம் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட மிஷின்தான் ஒருநாள் காலையில் ஆரஞ்சு விளக்கைப் போட்டது. சின்னத் திரையில், மஞ்சள் கார்ட்ரிட்ஜை அடையாளம் தெரியவில்லை என்று வந்தது.

“நேத்து வரைக்கும் அதுக்குள்ளதானே குடியிருந்துச்சு. இன்னிக்கு வந்து நீ யாருன்னு கேக்குது” என்றார் அக்கா.

நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேண்டியது கருப்பு எழுத்தில் ஒரு வினாத்தாள். மஞ்சளுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. ஆனால் ஒரு கார்ட்ரிட்ஜை ஏற்காவிட்டால் இந்த வகை மிஷின் கருப்பைக்கூட அடிக்காது. அக்காவுக்கு அது நியாயமாகவே படவில்லை. “வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா நாலு பேரும் பட்டினியா கிடக்கணுமா?”

அதன் பிறகு அவர் செய்த வைத்தியங்களை எழுதினால் ஒரு கையேடாகும். மிஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறப்போட்டு, மறுபடி மாட்டினார். மஞ்சளை வெளியே எடுத்து, அதன் முதுகில் இருக்கும் செப்புப் புள்ளிகளை மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்தார். டிக்கென்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினார். மையே தீர்ந்திருக்குமோ என்று புதிதாக ஒன்று வாங்கி, மேலே ஒட்டியிருந்த நாடாவைக் கவனமாக உரித்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். புதியதையும் மிஷினுக்கு அடையாளம் தெரியவில்லை. “கருப்பு சொன்ன பேச்சு கேக்கும். நீலம், சிவப்பு ரெண்டும் இருக்கிற இடம் தெரியாது. இந்த மஞ்சள்தான் கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி, எதைச் செஞ்சாலும் மூஞ்சியைத் திருப்பிக்குது.”

ஒருநாள் மாலை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆரஞ்சு போய்ப் பச்சை வந்தது. அக்கா பால்கனிக்கு ஓடி, கீழே வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவர் தம்பியைக் கூப்பிட்டார். “தம்பி, சரியாயிடுச்சு. வாங்க, மேல வாங்க.” அவருக்குத் தினமும் ஒரு பக்கம் வேண்டும். சரக்கு ஏற்றும் தொழிற்சாலையில் அன்றன்றைய அனுமதிச் சீட்டைத் தாளில் காட்டினால்தான் கதவைத் திறப்பார்கள். அதனால் அந்த நாற்காலியின் தினசரி வாடிக்கையாளர் அவர்தான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். அக்கா வழக்கம்போல, “மூக்கைச் சிந்தட்டும்” என்று ஆரம்பித்தார். பாதி சிந்தலில் மிஷின் நின்றது. ஆரஞ்சு.

“பரவால்லக்கா. தெருமுனையில ஜெராக்ஸ் கடை இருக்கில்ல, அங்க எடுத்துக்கிறேன்.”

“தேநீர் வச்சிருக்கேன்.”

“கடையை மூடிடுவான்க்கா” என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு யாரும் ஏறி வரவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. கெட்டுப்போன பிரிண்டர் இருக்கும் வீட்டுக்கு எந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு போவது? அக்கா கதவைத் திறந்தே வைத்திருந்தார். படியில் காலடி கேட்டால் கழுத்து இன்னும் கொஞ்சம் முன்னால் வரும். காலடி நான்காம் மாடிக்குப் போய்விடும். ஒருநாள் டீச்சர் கையில் தாள்களோடு ஏறி வந்தவர், திறந்த கதவைப் பார்த்ததும் அவற்றைத் தோள் பைக்குள் திணிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“கடையில எடுத்ததா?” என்றார் அக்கா.

“ஆமாக்கா. பசங்களுக்குப் பரீட்சை...”

“கருப்பு வெளுத்துப் போயிருக்கே டீச்சர். பசங்க கேள்வியே தெரியலன்னு சொல்லித் தப்பிச்சுக்கப் போறாங்க.”

டீச்சர் சிரித்தார். சிரித்துவிட்டு மேலும் இரண்டு படி ஏறி, தன் மாடியைத் தாண்டி வந்துவிட்டதை உணர்ந்து, திரும்பி இறங்கினார். அக்கா வீட்டுக்கு வருவது கால்களுக்கே பழகியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்த அக்கா அவரைக் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தபோது நான் அங்கே இருந்தேன். அச்சடிக்க எதுவும் கையில் இல்லாமல் நான் அங்கே போனது அன்றுதான் முதல் முறை. என்ன சொல்லிக்கொண்டு போவது என்று தெரியாமல், ஒரு வெற்றுத் தாளைக் கொண்டுபோய், போன முறை வைக்க மறந்துவிட்டேன் என்றேன். நாற்காலியைக் காட்டினார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினார்.

“அக்கா, அதைத் தூக்கிப் போடுக்கா. லேசர் ஒண்ணு ஆர்டர் பண்றேன். அதுல காயுற மையே கிடையாது. பட்டனைத் தொட்டா அடுத்த நொடி பேப்பர் கையில.”

“அடுத்த நொடியா?”

“ஆமாக்கா. வர்றவங்க வந்த வேகத்துல போயிட்டே இருக்கலாம்.”

“வேணாம்டா. அது அவசரக்காரங்க மிஷின்” என்றார் அக்கா. பிறகு, “இது பழகினது. எப்படியாச்சும் சரி பண்ணிக்கிறேன்” என்றார்.

சரி செய்ய வேண்டியது மஞ்சள் கார்ட்ரிட்ஜை அல்ல என்று அவருக்கு எப்போது தெரிந்ததோ, எனக்கு மெக்கானிக் வந்த அன்றுதான் தெரிந்தது. “ஆள் வர்றப்போ நீயும் வந்து உட்காரு பத்திரிகை. ஏதாச்சும் புரியாத மாதிரி சொன்னா, கேட்டு எனக்குச் சொல்லு” என்று கூப்பிட்டிருந்தார். அவருக்குப் புரியாதபடி மெக்கானிக் எதையும் சொல்லப்போவதில்லை. இருந்தாலும் போனேன்.

மெக்கானிக் நடுவயதுக்காரர். சட்டைப் பையின் ஓரத்தில் நாலு நிறத்திலும் கறை. பிரிண்டரின் மேலாடையை எடுத்து மடித்து வைத்தார், மூடியைத் திறந்தார், கார்ட்ரிட்ஜுகள் உட்கார்ந்திருக்கும் பெட்டியை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளினார். டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, நாக்கால் த்சொ என்றார்.

“என்னம்மா இது, உள்ள குளம் கட்டி நிக்குது?”

நாங்கள் எட்டிப் பார்த்தோம். பெட்டி ஓய்வெடுக்கும் இடத்துக்குக் கீழே, மையை உறிஞ்சிக்கொள்வதற்காக வைத்த பஞ்சு கன்னங்கரேலென்று ஊறி, அதற்கும் மேலே மை ததும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை பெட்டி வந்து உட்காரும்போதும் அந்த மை மேலே தெறித்து, கார்ட்ரிட்ஜைத் தொடும் செப்பு ஊசிகளில் பூசிக்கொண்டிருந்தது. மஞ்சளின் ஊசிகள்தான் ஓரத்தில் இருந்தன. முதல் அடி அதற்கு.

“கார்ட்ரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு. பழசும் நல்லா இருக்கு, புதுசும் நல்லா இருக்கு. இவ்ளோ மை இதுக்குள்ள எப்படிம்மா போச்சு? கிளீனிங்கை யாரு ஓட்டுறது?”

அக்கா தேநீர் டம்ளரை எங்கே வைப்பது என்று தேடுவதுபோல மேசையைப் பார்த்தார். “அது... அப்பப்ப தானா ஓடும்.”

“தானா ஓடினா இத்தனை ஓடாதும்மா.”

மெக்கானிக் ஊசி போடும் குழலால் மையை உறிஞ்சி எடுத்தார். பஞ்சைக் கழற்றி, காகிதத்தில் சுருட்டிப் பிழிந்தார். காகிதம் முதலில் கருப்பாகி, ஓரங்களில் ஊதாவாகப் பரவியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரும் ஹெட்போனும் மாடி வீட்டு அப்பாவும் டிரைவர் தம்பியும் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பொழுதெல்லாம் அந்தக் காகிதத்தில் ஈரமாக இருந்தது. மெக்கானிக் அதைச் சுருட்டிக் குப்பைப் பைக்குள் போட்டார்.

ஊசிகளைத் துடைத்து, எல்லாவற்றையும் பூட்டி, பிளக்கை மாட்டினார். மிஷின் முனகி, யோசித்து, பச்சை விளக்கைப் போட்டது. மஞ்சளை ஏற்றுக்கொண்டுவிட்டது.

அக்காவின் முகம் மலர்ந்தது. வலது கை தானாக நீண்டு கிளீனிங் பட்டனில் போய் நின்றது, இடது கை நாற்காலியின் முதுகைப் பிடித்து மெக்கானிக் பக்கம் இழுத்தது. “உட்காருங்க தம்பி, தேநீர்...”

மெக்கானிக் பட்டன் மேல் இருந்த கையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். ஆவி பறக்கும் டம்ளரைப் பார்த்தார். கருவிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்:

“அந்தப் பட்டன்தாம்மா வியாதி. எழுத்து உடைஞ்சா மட்டும் ஓட்டுங்க. இந்த மாடலுக்குப் புதுப் பஞ்சு வர்றதில்ல, பழசையே பிழிஞ்சு போட்டிருக்கேன். ஆளுக்கு ஒண்ணுன்னு ஓட்டினீங்கன்னா, அடுத்த தடவை என்னைக் கூப்பிடாதீங்க. பழைய சாமான்காரரைக் கூப்பிடுங்க.”

அக்கா கையை எடுத்துக்கொண்டார்.

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த வீடு காத்திருக்கிறது என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர் டம்ளரை எடுத்து, ஊதி ஊதி, அடி வரைக்கும் குடித்தார். தனக்கு இரண்டு பெண்கள் என்றும் பெரியவளுக்கு வரன் பார்ப்பதாகவும் சொன்னார். பிறகு போய்விட்டார். அக்கா கதவோரம் நின்றார். “அடுத்து” என்று சொல்லவில்லை.

“பத்திரிகை, மிஷின் சரியாயிடுச்சுன்னு டிரைவர் தம்பிக்கு ஒரு வார்த்தை போட்டுடு” என்றார். போட்டேன். மிஷினுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து அதன் மூடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். இனி வருகிறவர்களுக்கு எதைக் காட்டி நாற்காலியை இழுப்பார் என்று நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை அதைத்தான் அவரும்.

டிரைவர் தம்பி வந்தார். உள்ளே வரவில்லை. ஒரு காலில் செருப்போடு, பென் டிரைவை நீட்டினார். “நாளைக்குச் சீட்டுக்கா. வண்டிய கேட்டுக்கு நேரா நிறுத்திட்டு வந்திருக்கேன், பின்னால ஆள் ஹாரன் அடிக்குறான்.”

அக்கா பென் டிரைவைச் செருகினார். விரல் கிளீனிங் பட்டனுக்கு மேல் போய், தொடாமல், காற்றில் நின்றது. பிறகு பக்கத்துப் பட்டனுக்கு நகர்ந்து அழுத்தியது. கர்ரென்ற சத்தம் இல்லை. தாள் உள்ளே போனது, வெளியே வந்தது. அவ்வளவுதான். எழுத்து அப்படியே கத்தரித்து ஒட்டியதுபோல நிமிர்ந்து நின்றது.

“அட, அதுக்குள்ள வந்துடுச்சே” என்று டிரைவர் தம்பி கையை நீட்டினார்.

அக்கா கொடுக்கவில்லை. தாளின் இரண்டு மூலைகளையும் விரல் நுனியால் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பேரைப் படித்தார், தேதியைப் படித்தார். பிறகு அதை மேசை மேல் பரப்பி, ஒரு மூலையில் கண்ணாடிக் கூட்டையும் மறுமூலையில் தேநீர் டம்ளரையும் வைத்தார்.

“ஈரமா இருக்கு தம்பி. இப்பதான் ரிப்பேர் ஆகி வந்திருக்கு, மை கொஞ்சம் தாராளமா விழுது. கை பட்டா கலைஞ்சிடும். காயட்டும், உட்காருங்க.”

கீழே ஹாரன் கேட்டது. டிரைவர் தம்பி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மற்ற செருப்பையும் கழற்றினார்.

அக்கா மேசைமேல் குனிந்து, காய்ந்த எழுத்துகளை முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக, மெதுவாக ஊதத் தொடங்கினார்.